மூத்தவளின் முறையீடு

மூத்தவளுக்குக் கை வெந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் இடைவேளைக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது.

அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் நோயாளிகளின் அங்கிகளும் அங்கேதான் வரும். ஒரு வாசலில் அழுக்கு மூட்டைகள் இறங்கும். எதிர்வாசலில் மடித்துக் கட்டிய அடுக்குகள் வண்டி ஏறும். நடுவில் துவைக்கிற இயந்திரங்கள், பிழிகிற இயந்திரங்கள், கடைசியாக எல்லோரும் ‘பெரிய மிஷின்’ என்று சொல்லும் ரோலர். இரண்டு ஆள் நீளத்துக்கு ஓர் உருளை, அதற்குள் நீராவி. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து நுழைத்தால், அந்தப் பக்கம் அது சுருக்கமில்லாமல் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். அங்கே இரண்டு பேர் நின்று வாங்கி மடிக்க வேண்டும். வெளியே மழையோ வெயிலோ, அந்த அறைக்குள் ஒரே பருவம்தான். உள்ளே போன பத்தாவது நிமிஷம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

மூத்தவள் அங்கே இருபத்திரண்டு வருஷமாக இருந்தாள். பெரிய மிஷினுக்கு அவள்தான் பொறுப்பு. அவள் மடித்த விரிப்பில் முனையோடு முனை பிசகாது. புதிதாக வருகிறவர்களை ஒரு வாரம் மிரட்டுவாள், எட்டாம் நாள் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுப்பாள்.

எட்டு மாசத்துக்கு முன்பு அவள்தான் இளையவளை அங்கே சேர்த்துவிட்டாள். இளையவள் அவளுடைய ஓரகத்தி, புருஷனின் தம்பி மனைவி. இரண்டு குடும்பமும் ஒரே வீடு. கீழே மூத்தவளும் குழாய் வேலை பார்க்கும் அவள் புருஷனும். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மேலே இளையவளும் அவளுடைய மூன்று வயதுக் குட்டியும். கொழுந்தனார் லாரி ஓட்டுகிறார். போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். குட்டி பிறந்தபோது நாற்பது நாளும் தாய்க்கும் பிள்ளைக்கும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டியது மூத்தவள்தான். இதையெல்லாம் பிறகு அவள் நிறையப் பேரிடம் சொன்னாள்.

அன்று ஒரு விரிப்பு உருளையில் சுருட்டிக்கொண்டது. இது வாரத்துக்கு இரண்டு தடவை நடப்பதுதான். மிஷினை நிறுத்திவிட்டு ஒருத்தர் கையை விட்டுத் துணியை எடுக்க வேண்டும். எடுத்தவர் தன் வாயால் “எடுத்தாச்சு” என்று சொல்லும்வரை சுவிட்சில் நிற்பவர் அசையக்கூடாது. மூத்தவள் கையை விட்டாள். சுவிட்சில் இளையவள். அந்த நேரம் பார்த்து, வண்டி தள்ளிக்கொண்டு போன யாரோ ஒருத்தி ஏதோ மூட்டையைச் சொல்லி, “எடுத்தாச்சு, எடுத்தாச்சு” என்றாள். இளையவள் சுவிட்சை அமுக்கிவிட்டாள்.

விரல் சிக்கினால் மிஷினைத் தானாக நிறுத்தும் தடுப்புக்கட்டை ஒன்று உண்டு. அது உடைந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

வலது கை, மணிக்கட்டு வரைக்கும். எலும்புக்குச் சேதமில்லை, தோல் வரும், விரல் மடங்கும் என்றார் டாக்டர். ஆறு வாரம் ஆகும்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். மறுநாள் சூப்பர்வைசரின் கடிதம் வீட்டுக்கு வந்தது. புருஷன்தான் படித்துக் காட்டினார். இயந்திரத்திலிருந்து கையை எடுக்குமுன்பே எடுத்துவிட்டதாகக் குரல் கொடுத்தது ஊழியரின் கவனக்குறைவு என்றும், குணமாகித் திரும்பியதும் அவருக்கு அழுக்குத் துணி பிரிக்கும் பகுதியில் வேலை என்றும் எழுதியிருந்தது.

“நான் எங்க குரல் குடுத்தேன்?” என்றாள் மூத்தவள்.

“சுவிட்சுல நின்னவங்க அப்படித்தான் சொன்னாங்களாம்.”

“சுவிட்சுல நின்னது யாரு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாடியில் இளையவள் நடக்கும் சத்தம் கேட்டது.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மூத்தவள் கதை சொன்னாள். கதை நாளுக்கு நாள் கச்சிதமாகிக்கொண்டே வந்தது. “அவ அமுக்கினா. என் கை வெந்துச்சு. நான்தான் சொன்னேன்னு பொய் சொன்னா. எட்டு மாசம் முன்னாடி வேலை வாங்கிக் குடுத்தவ கையை வேக வச்சிட்டு, அந்தக் கையைப் பிடிச்சே குழியில தள்ளினா.” கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் புருஷன் சமைத்தார். குழாயில் ஒரு சொட்டு ஒழுகினால் பொறுக்காத மனிதர். சூப்பில் உப்பு மட்டும் அவர் கைக்கு அடங்கவில்லை.

“உப்பு ஜாஸ்தியா?”

“இல்லங்க. கடல் பக்கத்துல இருந்தா இப்படித்தான் இருக்கும்.”

இரண்டாம் நாளே மாடியிலிருந்து மூடி போட்ட பாத்திரம் ஒன்று வந்தது. குட்டிதான் இரண்டு கையாலும் பிடித்து, படிக்கு ஒரு தடவை நின்று நின்று கொண்டுவந்தாள். மூத்தவள் மூடியைத் திறந்தும் பார்க்கவில்லை. புருஷனிடம் கொடுத்து அப்படியே திருப்பி அனுப்பினாள். குட்டியை அனுப்ப மனசு வரவில்லை. அது பெரியம்மாவின் மடியில் ஏறி, கட்டுப் போட்ட கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தது.

“பெரியம்மா கை தூங்குதா?”

“ஆமா, தூங்குது.”

“அம்மா விரல்ல பலூன் வந்திருக்கு. மூணு பலூன்.”

“சரி, நீ ரொட்டி சாப்பிடு,” என்றாள் மூத்தவள்.

அந்த வீட்டில் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். இரண்டு வீட்டாரும் கீழே கூடத்தில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு ஜெபம் சொல்வார்கள். அந்த வாரம் இளையவள் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள், கைகளை மடியில் துணிக்கடியில் வைத்துக்கொண்டு. மூத்தவளின் முறை வந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. புருஷன் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தானே முடித்தார். மூன்றாம் நாளிலிருந்து இளையவள் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில், பிறர் செய்த குற்றத்தை நாங்கள் மன்னிப்பதுபோல என்று வருகிற இடத்தில் அவள் உதடு நின்றுவிட்டது. ஐம்பது வருஷமாக மூச்சு விடுகிற மாதிரி சொல்லிவந்த வார்த்தை. அடுத்த வரி வரும்வரை காத்திருந்து சேர்ந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற புருஷன் கவனித்துவிட்டார். திரும்பி வரும்போது வழி முழுக்க வேறு யார் வீட்டுக் குழாயைப் பற்றியோ பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் போதகர் வந்தார். முப்பது வயதுகூட ஆகாதவர். ஞாயிறு பள்ளியில் மூத்தவளிடம் படித்த பையன். பென்சிலைக் கடித்ததற்கு அவளிடம் குட்டு வாங்கியவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“ஜெபம் பண்ணலாமாம்மா?”

“பண்ணுங்கய்யா. கைக்காகப் பண்ணுங்க. மாடிக்காக இங்க உக்காந்து பண்ணாதீங்க. மாடியில போய்ப் பண்ணுங்க.”

அவர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

“மன்னிக்கணும்னு சொல்லத்தானே வந்தீங்க?”

“அது உங்களுக்குத் தெரியாததா? எனக்கே நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க.”

“சொல்லிக் குடுக்கும்போது கை வேகல.”

போதகர் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, “எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலம்மா,” என்றார். “நீங்க ஜெபம் பண்றதே இல்லையாமே. ஐயா சொன்னாரு.”

“வாயைத் திறந்தா திட்டுதான் வருது. அதை எப்படி அவர் முன்னாடி சொல்றது?”

“திட்டையே சொல்லுங்களேன்.”

“ஆண்டவர்கிட்டயா?”

“ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. அவர் ஒருத்தர்தான் பாக்கி.”

அவர் போனபிறகு, “படிச்ச படிப்பு இவ்வளவுதானா இவருக்கு,” என்று மூத்தவள் புருஷனிடம் சொன்னாள். ஆனாலும் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை. புருஷன் ஏழரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சமையலறை மேசைமுன் உட்கார்ந்து கண்ணை மூடினாள். “பரலோகத்திலிருக்கிற தகப்பனே, உம்முடைய சமுகத்திலே...” என்று தொடங்கினாள். ஆலயத்து வார்த்தையில் அவள் கோபம் நுழையவே மாட்டேன் என்றது. பெரிய காலைச் சின்னச் செருப்புக்குள் விட்ட மாதிரி இருந்தது. நிறுத்தினாள். கண்ணைத் திறந்து எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள்.

“ஆண்டவரே, உக்காருங்க. இன்னிக்குக் கொஞ்சம் நேரமாகும்.”

நேரமானது. இளையவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தொடங்கினாள். முதல் மாசமே பெரிய அண்டாவைக் கீறிவிட்டது, படியில் கோடிழுத்த மாதிரி தண்ணீர் சிந்திக்கொண்டு போவது, கேட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்வது, எதற்கெடுத்தாலும் பயந்து சாவது. தேநீர் ஆறிப் போனது. பதினொரு மணிக்குத்தான் எழுந்தாள். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பசித்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் பசி எடுத்து, உப்பு அதிகமான சூப்பையும் இரண்டு கிண்ணம் குடித்தாள்.

புதன்கிழமை, “நேத்து விட்ட இடத்துலயிருந்து சொல்றேன்,” என்று ஆரம்பித்தாள். கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். “இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள் தாமதமாப் போனதில்ல. என் பேருக்கு நேரா ஒரு எழுத்து தப்பா இல்ல. இப்ப நான் கவனமில்லாதவ. இதை நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?” அப்போதுதான் அழுகை வந்தது. கை வெந்தபோதுகூட வராத அழுகை. இடது கையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, “முதல்ல அவ வந்து கேக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்,” என்றாள்.

வியாழக்கிழமை சொல்ல அவ்வளவாக ஒன்றுமில்லை. அண்டாவை மறுபடி சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆகவே விபத்தையே முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

“விரிப்பு சுத்திக்கிச்சு. நான் நிறுத்தச் சொன்னேன். கையை விட்டேன். எவளோ எடுத்தாச்சுன்னா. இவ அமுக்கிட்டா. என் கை உள்ள போச்சு. அப்புறம்...”

வந்தவர்களிடம் சொல்லும்போது ‘அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க’ என்று வரும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். அங்கே பாதிக் கதை செல்லாது என்று தெரிந்தது. கேட்கிறவர் அந்த அறையில் இருந்தவர்.

மீதியையும் சொன்னாள், மெல்ல.

“அப்புறம் அவ கத்தினா. என்னைவிட அவதான் கத்தினா. சிவப்பு சுவிட்சைக் குத்தினா. மிஷின் நின்னுச்சு, உருளை விடல. எல்லாரும் பின்னாடி போனாங்க. அவ மட்டும் வெறுங்கையை உள்ள விட்டா. கொதிக்கிற உருளையை நெம்பிப் பிடிச்சு என் கையை இழுத்தா. நான் பார்த்தேன். அவ விரல் அதுல ஒட்டினதை நான் பார்த்தேன், ஆண்டவரே.”

மூன்று பலூன் என்று குட்டி சொன்னது ஒரு வாரம் கழித்து இப்போதுதான் காதில் விழுந்தது.

அவள் எழுந்தாள். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பதினான்கு படி. அந்த ஒன்பது நாளில் ஒருமுறையும் ஏறாத படி.

கதவு திறந்தே இருந்தது. இளையவள் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் பழைய துணி சுற்றியிருந்தது. கத்தியை உள்ளங்கையில் ஒருமாதிரி இடுக்கிப் பிடித்திருந்தாள். மூத்தவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, கிழங்கெல்லாம் உருண்டு ஓடின.

“கையைக் காட்டு.”

“ஒண்ணுமில்லக்கா.”

“காட்டுடி.”

துணியை அவிழ்த்தாள். மூன்று விரலிலும் கொப்புளம் உடைந்து, தோல் வழண்டு, ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. மருந்து போட்ட அடையாளமே இல்லை.

“டாக்டர்கிட்ட போகலையா?”

“எப்படிக்கா போவேன்? எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க, எல்லாத்தையும் சொல்லணும். வேலைக்கும் லீவு சொல்லிட்டேன்.”

“ஏண்டி அப்படிச் சொன்னே?”

இளையவள் குனிந்துகொண்டாள். “சூப்பர்வைசர் பேப்பரை வச்சிக்கிட்டு, ‘யார் சொல்லி அமுக்கினே’ன்னு கேட்டாரு. குரல் கேட்டுச்சுன்னு சொன்னேன். ‘உங்க அக்கா குரலா’ன்னாரு. இல்லன்னு சொல்லணும். தெரியும். வேலை நிரந்தரமாகல, அவரு லாரியில இருக்காரு, குட்டி... ஆமான்னு தலையை ஆட்டிட்டேன். ஒரே ஒரு தடவைதான் ஆட்டினேன். அவரு எழுதிட்டாரு.”

“என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே.”

“தினமும் படி இறங்குவேன்க்கா. ஏழாவது படி வரைக்கும். பாத்திரம் திரும்பி வந்துச்சு. அப்புறம் கால் வரல.”

மூத்தவள் தரையில் உட்கார்ந்தாள். ஒரு கை இல்லாமல் உட்காருவது லேசல்ல. இளையவள் தோளைக் கொடுத்தாள். மூத்தவள் கைக்கு எட்டிய கிழங்கை எடுத்து அவள் பக்கம் உருட்டினாள்.

“எனக்கு இன்னும் கோபம் இருக்கு,” என்றாள் மூத்தவள். “இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். காலையில எழுந்தா மறுபடி வரும். வந்தா ஆண்டவர்கிட்ட சொல்லிக்கிறேன், அவருக்குப் பழகிப்போச்சு. ஆனா உன்னை விட்டுட்டேன். மன்னிச்சிட்டேன். கேட்டியா?”

இளையவள் தலையை ஆட்டினாள்.

“தலையை ஆட்டாத. தலையை ஆட்டித்தான் இவ்வளவும். வாயைத் திறந்து சொல்லு.”

“கேட்டேன்க்கா,” என்றவள் அழுகையும் சிரிப்புமாக அவள் மடியில் சாய்ந்துவிட்டாள். மூத்தவள் இடது கையால் அவள் தலையைத் தடவினாள். அவளுக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்து, “நன்றி ஆண்டவரே” என்ற ஒன்றுதான் வந்தது. அதையே நாலைந்து தடவை சொன்னாள்.

அன்று மத்தியானமே அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். திரும்பும் வழியில் இளையவள், “நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட சொல்லப்போறேன்,” என்றாள்.

“வேலை போனாலும் போகும்.”

“தெரியும்.”

வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள் மூத்தவள். ஆனால் அவளுக்குத் தன் பேர் வேண்டும். மன்னித்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. “நானும் வரேன்,” என்றாள்.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். இளையவள் நின்றபடியே, திக்கித் திக்கி முழுவதையும் சொன்னாள். கேட்டுவிட்டு, “பொய் சொன்ன ஆளை எப்படிம்மா மிஷின்கிட்ட விடுறது? நாளையிலிருந்து வர வேண்டாம்,” என்றார்.

மூத்தவள் கட்டுப் போட்ட கையை அவர் மேசைமேல் வைத்தாள்.

“சார், நீங்க பாதிதான் எழுதியிருக்கீங்க. மீதியையும் எழுதிக்குங்க. இவ தப்பா அமுக்கினா. பயந்து பொய் சொன்னா. எழுதுங்க. எல்லாரும் விலகி நின்னப்ப இவ வெறுங்கையை விட்டு என் விரலை மீட்டா. அதையும் எழுதுங்க. தடுப்புக்கட்டை உடைஞ்சு மூணு மாசமாச்சு. நான் நாலு தடவை வந்து சொன்னேன், அடுத்த வாரம் பார்க்கலாம்னீங்க. அதையும் எழுதுங்க. எழுதி முடிச்சதும் யாரை நிறுத்தணுமோ நிறுத்துங்க.”

சூப்பர்வைசர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். ஜன்னலுக்கு அப்பால் பெரிய மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, கட்டையில் கயிறோடு.

“கட்டை விஷயம் என் தப்புதாம்மா,” என்றார் கடைசியில். “எனக்கும் ராத்திரி தூக்கமில்லை.”

“அப்போ நீங்களும் எங்க கூட்டம்தான்,” என்றாள் மூத்தவள்.

அடுத்த புதன்கிழமைக்குள் புதிய தடுப்புக்கட்டை போட்டார்கள். பழைய கடிதத்தை ரத்து செய்து வேறு கடிதம் வந்தது. மூத்தவள் குணமாகிப் பழைய இடத்துக்கே வரலாம் என்று. இளையவளின் வேலை போகவில்லை. ஆனால் நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. விரல் ஆறியதும் அழுக்கு மூட்டை பிரிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். நாற்றம் பிடித்த வேலை. அவள் முகத்தைத் தூக்கிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகும் சில காலைகளில் மூத்தவளுக்குக் கோபம் வந்தது. கட்டு மாற்றும்போது வலித்தால் வரும். அப்போதெல்லாம் சமையலறையில் கொஞ்ச நேரம் பேச்சுக் கேட்கும். வரவர பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது.

ஏழாவது வாரம் கட்டு அவிழ்ந்தது. தோல் இளஞ்சிவப்பாக, பிறந்த குழந்தையின் தோல்போல இருந்தது. விரல் ஐந்தும் மடங்கின. அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாரும் லாரியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். ஆலயம் முடிந்து வந்து எல்லோரும் கீழே கூடத்தில் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். போதகரையும் கூப்பிட்டிருந்தாள். சமையல் அவளும் இளையவளும். புருஷனை உப்புப் பக்கமே விடவில்லை.

“சாப்பாட்டுக்கு நீங்க ஜெபம் பண்ணுங்கம்மா,” என்றார் போதகர்.

மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். உணவுக்கு நன்றி சொன்னாள். கைக்குச் சொன்னாள், ஐந்து விரலுக்கும் தனித்தனியாக. டாக்டருக்கு, கட்டு மாற்றிய நர்ஸுக்கு, உப்புச் சூப்புக்கு, அதை ஆறு வாரம் சலிக்காமல் வைத்துக் கொடுத்தவருக்கு. லாரி பத்திரமாக வந்ததற்கு. தூக்கமில்லாமல் கிடந்த சூப்பர்வைசருக்கும். என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று உண்மையைச் சொன்ன போதகருக்கு. குட்டி கொட்டாவி விட்டது. ஆவி பறந்துகொண்டிருந்த தட்டுகளில் ஆவி அடங்கியது.

“அண்ணி, சாப்பாடு ஆறுது,” என்று மெல்லச் சொன்னார் கொழுந்தனார்.

“இன்னும் ஒருத்தி இருக்கா,” என்றாள் மூத்தவள், கண்ணைத் திறக்காமலேயே. “ஆண்டவரே, இவ இந்த வீட்டுக்கு வந்த நாளுக்காக நன்றி.”

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பக்கத்தில் இளையவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. அப்புறம் அவள்தான், எல்லோருக்கும் கேட்கும்படி, வாயைத் திறந்து சொன்னாள்.